மூடிய பள்ளிக்கூடத்தை என்ன செய்வது? இரவுக் கடமையிலிருந்து ஒரு கணக்கு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கைக்குள் எங்கள் ஆரம்பப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, அரசிடம் ஒரு சதமும் வாங்காத சின்னப் பள்ளிக்கூடம் என்பதால் இது தப்பிக்கொண்டது. அதனால் காணி இன்றைக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபையின் கையில்தான் இருக்கிறது. 1983 இற்குப் பிறகு குடும்பங்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போயின. இருந்தவர்கள் பிள்ளைகளைச் சர்வதேசப் பாடசாலைகளில் சேர்த்தார்கள். வகுப்புகள் ஒவ்வொன்றாகக் காலியாகின.

அடுத்த பொதுக்கூட்டத்தில் பழைய மாணவர்கள் கை உயர்த்தி ஒரு முடிவு சொல்ல வேண்டும். நான் கட்டிடக் குழுவில் இருக்கிறேன். முப்பது வருடம் கணிய அளவையாளராக, அதாவது கட்டிட வேலைகளின் அளவையும் செலவையும் கணக்கிடுபவனாக, வேலை செய்தவன். ஆகவே இதை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

பள்ளிக்கூடத்தை முதியோருக்குப் பயன்படுத்த நாலு யோசனைகள் மேசையில் இருக்கின்றன. காணியை விற்று ஊருக்கு வெளியே பெரிய முதியோர் இல்லம் கட்டுவது. கட்டுமானக் கம்பனி ஒன்றுடன் சேர்ந்து தொடர்மாடி எழுப்பி, அதில் இரண்டு தளங்களை வாங்கிக்கொள்வது. கட்டிடத்தை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் முதியோரின் வீட்டுக்கே உதவியாளரை அனுப்புவது. கடைசியாக, இருக்கிற கட்டிடத்தையே திருத்தி, தனியே சமாளிக்க முடியாத முதியவர்கள் துணையோடு வாழும் இடமாக்குவது.

கணக்குக்குள் போகமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் தீர்ப்பு அங்கிருந்துதான் வருகிறது. என் அம்மாவை ஒன்பது மாதம் ஓர் இல்லத்தில் விட்டிருந்தோம். பெயர் வேண்டாம். பகலில் குறை சொல்ல இடமில்லை: துப்புரவான அறை, நேரத்துக்குச் சாப்பாடு. இரவில் அந்த முழு இல்லத்துக்கும் ஒரேயொரு உதவியாளர். அம்மா ஒருநாள் இரவு பாத்ரூம் போக எழும்பி விழுந்தா. அந்த நேரம் அந்தப் பிள்ளை இன்னொரு அறையில் இன்னொருவரைத் தூக்கிக்கொண்டிருந்தது. விடியத்தான் கண்டார்கள். அந்தப் பிள்ளைமேல் எனக்கு இன்றுவரை கோபம் வந்ததில்லை. ஒருவர் இரண்டு அறையில் எப்படி நிற்பது? அதற்குப் பிறகு எந்த இல்லத்தைப் பற்றி யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்பதைத்தான்.

விற்பதும், கம்பனியோடு சேர்வதும்

வெள்ளவத்தைக் காணியின் விலைக்கு ஹோமாகமவிலோ பிலியந்தலையிலோ பல மடங்கு நிலம் வாங்கலாம். மரம், முற்றம், ஒரே தளத்தில் கட்டிடம் எல்லாம் கிடைக்கும். "யாழ்ப்பாணத்திலேயே கட்டினால் என்ன, கைதடியில் இல்லம் எத்தனை வருடமாய் நடக்குது" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நாம் பேசுகிற முதியவர்கள் இப்போது கொழும்பில் இருக்கிறவர்கள். அவர்களுடைய இருதய வைத்தியரும் கண் வைத்தியரும் இங்கே. அடிபட்டால் களுபோவில ஆஸ்பத்திரி பக்கத்தில். வெளிநாட்டிலிருந்து வருகிற மகன் பத்து நாள் லீவில் வந்து தாயோடு இருப்பதும் இங்கேதான். எங்கள் முன்னாள் ஆசிரியை ஒருவர், எண்பதைத் தாண்டியவர், கூட்டத்தில் எழும்பிச் சொன்னது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது: "தம்பி, இங்க இருந்தால் 101 பஸ்ஸில வாறவை போறவை எட்டிப் பாப்பினம். அங்க கொண்டுபோய் விட்டால் ஆர் வருவினம்?"

எட்டிப் பார்ப்பதைச் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம். உறவினர் அடிக்கடி வந்துபோகும் இடத்தில் குறைகள் ஒளிந்திருக்க முடியாது. மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒருவர் உள்ளே வந்து ஐந்து நிமிடம் கதைத்துவிட்டுப் போவதும் ஒரு மேற்பார்வைதான். விற்பதை நான் ஏற்கவில்லை.

கம்பனியோடு சேரும் யோசனையில் கவர்ச்சி அதிகம், கைக்காசு போடத் தேவையில்லை. புதுக் கட்டிடம், லிப்ட், ஜெனரேட்டர். ஆனால் தரைத்தளம் வாகனத் தரிப்பிடமாகும், முதியவர்கள் மேலே போவார்கள். தீ பிடித்தால் லிப்டைப் பயன்படுத்த முடியாது. சக்கர நாற்காலியில் இருப்பவரைப் படிக்கட்டால் எப்படி இறக்குவது என்று நான் கேட்டபோது வரைபடம் கொண்டுவந்தவர்களிடம் பதில் இருக்கவில்லை. கட்டி முடியும்வரை ஒருவருக்கும் ஒரு படுக்கையும் இல்லை. 2022 இல் சீமெந்தும் கம்பியும் விலையேறிப் பாதியில் நின்ற கட்டிடங்களை இந்த நகரத்தில் எல்லோரும் கண்டோம். நம் ஒரே சொத்தை அப்படியொரு சூதில் வைக்க எனக்கு மனமில்லை.

வீட்டுக்கே உதவி அனுப்புவது

நாலில் இதுதான் என்னைக் கூடுதலாக யோசிக்க வைத்தது. தன் வீட்டில், தன் சுவாமியறைக்குப் பக்கத்தில், தன் அடுப்பில் தேத்தண்ணீர் வைத்துக் குடித்துக்கொண்டு இருக்கவே முதியவர்கள் விரும்புகிறார்கள். வாடகைப் பணம் மாதம் தவறாமல் வரும். கட்டிடத்தில் பெரிய செலவும் இல்லை. காலையில் ஒருவர் வந்து குளிக்க வார்த்து, மருந்தைப் பெட்டியில் பிரித்து வைத்து, மத்தியானச் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனால் பலருக்கு அது போதும். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் பணம் வாங்காமல் வரும்.

ஆனால் அழுத்துவது யார்? விழுந்து கிடக்கிறவரின் கைக்குத் தொலைபேசி எட்டாது. பகலில் இரண்டு மணிநேர உதவி போதுமானவருக்கும், இரவில் தனியே இருக்கக்கூடாதவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. இரண்டாமவருக்கு வீட்டிலேயே ஆள் தங்க வேண்டும். வாரத்தில் 168 மணிநேரம். ஒருவர் வாரம் 45 மணிநேரம் வேலை செய்தால், ஒரே இடத்தில் எப்போதும் ஒருவர் நிற்பதற்கு நாலு பேர் வேண்டும். லீவு, சுகயீனம் சேர்த்தால் நாலரைப் பேர். நடைமுறையில் என்ன நடக்கிறது? மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ ஒரு பெண் வந்து, அந்த நாலரைப் பேரின் வேலையைத் தனியே செய்கிறார். பகல் முழுக்க வேலை, இரவில் அரைத் தூக்கம், மாதத்தில் ஓரிரு நாள் வீட்டுக்குப் போவது. இதை நாம் கருணை என்று சொல்லிக்கொண்டு சங்கத்தின் பெயரில் நடத்த முடியாது. முறையாக நடத்தினால் ஒரு முதியவருக்கு நாலரைச் சம்பளம், அது யாருக்கும் கட்டுப்படியாகாது.

ஆகவே, நடமாடக்கூடியவர்களுக்கு வீட்டு உதவி சிறந்தது. இரவில் ஆள் தேவைப்படுகிறவர்களுக்கு ஒன்றாக வாழ்வது தவிர வழி இல்லை. அந்த நாலரைப் பேரைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கட்டிடம் என்ன சொல்கிறது

பள்ளிக்கூடம் இரண்டு மாடி, ‘ட’ வடிவம். கீழே 10 வகுப்பறைகள், ஒவ்வொன்றும் 20 அடிக்கு 25 அடி. ஒரு மண்டபம். முன்னால் அலுவலக அறைகள். வகுப்பறைகளை இணைத்தபடி நீள விறாந்தை.

முதியோருக்குப் பள்ளிக்கூடம் பொருந்துமா என்று சந்தேகப்பட்டவர்களை நான் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இரட்டைக் கதவுகள் நாலு அடி அகலம், கட்டில் அப்படியே போகும். வகுப்பறைத் தளம் வீட்டுத் தளத்தைவிடக் கூடிய பாரம் தாங்கும்படிதான் வழமையாகக் கட்டப்படும். செங்கல் சுவர் தடிப்பானது, கைபிடிக் கம்பிகளை இறுக்கமாகப் பூட்டலாம். விறாந்தை வெயிலையும் மழையையும் மறைக்கிறது. கையூன்றி நடப்பவர் நாளுக்கு நாலுதரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கலாம். ஒவ்வொரு அறையும் நேராக வெளியே திறக்கிறது, தீ விபத்தில் அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

பொருந்தாதவையும் உண்டு. மலசலகூடம் வளவின் கோடியில், குந்தி இருக்கும் வகை. எழுபத்தைந்து வயதுக்காரரை இரவில் அங்கே அனுப்ப முடியாது. ஒவ்வொரு அறைக்கும் உள்ளேயே ஒன்று வேண்டும், சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் அதில் இருக்க வேண்டும். இரண்டிரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகாகப் பின்சுவரில் வைத்தால் ஒரே குழாய்க்கால் இரண்டுக்கும் போதும். கொழும்பு நகரின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி நூறு வருடத்துக்கு மேல் பழையது. மாநகர சபையிடம் கேட்காமல் ஒன்பது புதுக் குளியலறைகளை அதில் சேர்க்க நினைக்கக்கூடாது.

வாசல் ஒவ்வொன்றிலும் ஒரு படி இருக்கிறது. அதை உடைத்துச் சாய்தளம் போட வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதைவிடச் செங்குத்தாகப் போகக்கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2006 ஆம் ஆண்டு அணுகல் ஒழுங்குவிதிகளை நாம் வேண்டாவெறுப்பாகப் பின்பற்றக்கூடாது, முதலில் விரிக்க வேண்டிய தாள் அதுதான். பின்பக்கக் கொட்டிலில் அஸ்பெஸ்டஸ் தகடு இருக்கிறது. அதை உடைக்காமல், துளைக்காமல், நனைத்துக் கழற்ற வேண்டும்.

எனக்கு உண்மையில் பயமான இடம் கொங்கிறீற்று. கடலுக்கு இவ்வளவு கிட்ட உள்ள பழைய கட்டிடத்தில் உப்புக் காற்று உள்ளே போய்க் கம்பியைத் தின்றிருக்கும். கீழ்த்தளக் கூரையில் இரண்டு இடத்தில் துருக் கறை கண்டேன். அமைப்புப் பொறியியலாளர் ஒருவர் நாலைந்து இடத்தில் உடைத்துப் பார்த்துச் சொல்லும்வரை யாரும் செலவு மதிப்பீடு கேட்க வேண்டாம். கம்பி மோசமென்றால் நான் இந்தக் கட்டுரையில் சொல்லும் முடிவே மாறும்.

படுக்கைகளின் எண்ணிக்கை

குழுவில் எல்லோரும் அறைகளை எண்ணத் தொடங்கினார்கள். நான் இரவிலிருந்து எண்ணினேன். இரவில் விழித்திருக்க இரண்டு பேர். ஒருவர் ஒருவரைத் தூக்கும்போது மற்றவர் மணியடித்த அறைக்குப் போக வேண்டும் என்பதால் இரண்டுக்குக் குறையக் கூடாது. பகலிலும் அதே இரண்டு. ஓர் இடத்துக்கு நாலரைப் பேர் வீதம் ஒன்பது பராமரிப்பாளர்கள். அவர்களுக்கு மேலே ஒரு தாதி, ஒரு பொறுப்பாளர், இரண்டு சமையல்காரர், இரண்டு துப்புரவுக்காரர்.

2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சம்பளத்தில் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் நிற்கமாட்டார், நிற்கச் சொல்லவும் கூடாது. சான்றிதழ் எடுத்தவர்கள் இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போகிறார்கள். நான் 50,000 என்று வைத்தேன். வேலை தருபவரின் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் சேர்க்க 57,500. ஒன்பது பேருக்கு மாதம் 517,500. மற்ற ஆறு பேருக்குச் சராசரி 60,000 என்று வைத்தால் அதே பங்களிப்புகளோடு 414,000. ஆகமொத்தம் 931,500.

இந்தத் தொகை எத்தனை முதியவர்கள் இருந்தாலும் பெரிதாக மாறாது. 12 பேர் இருந்தால் தலைக்கு 77,625. 18 பேருக்கு 51,750. 24 பேருக்கு 38,800 அளவில். சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், சவர்க்காரம், திருத்த வேலை எல்லாவற்றுக்கும் ஆளுக்கு 30,000 சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளமும் மற்றச் செலவும் என் ஊகம்தான், கூட்டலாம் குறைக்கலாம், ஆனால் கணக்கின் வடிவம் மாறாது. பன்னிரண்டு பேர் கொண்ட அன்பான சின்ன இல்லம் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அது மாதம் ஒரு லட்சத்துக்கு மேலே போகும். எழுபது வயதைத் தாண்டிய வறியவருக்கு அரசு தரும் கொடுப்பனவு 2025 இல் 5,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்தில் இருக்கும் ஆசிரியரின் மனைவிக்கும், சேமலாப நிதியை எடுத்து மகளைக் கட்டிக்கொடுத்த கடைச் சிப்பந்திக்கும் ஒரு லட்சம் என்பது கனவு.

இருபத்துநாலு பேருக்குக் கட்டணம் குறையும். ஆனால் கீழே இடமில்லை. பத்து வகுப்பறையில் ஒன்று பொது அறை. மிச்சம் ஒன்பது, அறைக்கு இரண்டு பேர், 18. மூன்று பேரைப் போடலாம், திரைச்சீலை கட்டலாம் என்றார்கள். நான் மறுத்தேன். அது விடுதியாகும், வீடாகாது. மேலே போனால் லிப்ட் வேண்டும், இரவில் மேலே தனியாக ஒருவர் வேண்டும். கூடுகிற ஆறு பேரால் கிடைக்கும் இலாபத்தில் ஒரு பகுதி அந்தச் செலவுக்கே போய்விடும்.

அப்போது மேல்மாடி எதற்கு? பராமரிப்பாளர்கள் தங்குவதற்கு. கொழும்பில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் விட்டுப் போவதற்கு அறை வாடகையும் ஒரு காரணம். ஹட்டனிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ வருகிற பிள்ளைக்குப் பாதுகாப்பான அறையும் சாப்பாடும் சம்பளத்துக்கு மேலாகக் கிடைத்தால் அவர் நிற்பார். இரவு இரண்டு மணிக்கு ஏதும் நடந்தால் மேலேயிருந்து இன்னும் இரண்டு பேர் இறங்கி வரலாம். அவர்களுடைய ஓய்வை வேலையாக எண்ணக்கூடாது, அழைத்தால் மேலதிகக் கொடுப்பனவு எழுதியே ஆகவேண்டும். நாலு யோசனைகளில் இந்தக் கட்டிடத்தால் மட்டும் தரக்கூடியது இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஞாபகமறதி நோய் கூடக்கூட, பலருக்கு இடையில் படித்த மொழிகள் முதலில் போகின்றன. வாழ்நாள் முழுக்கச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வங்கி வேலை பார்த்தவர் கடைசியில் தாய்மொழிக்குத் திரும்புகிறார். என் அம்மாவும் அப்படித்தான். "கால் உளையுது" என்று அவ சொன்னதை அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. தமிழ் தெரிந்த பராமரிப்பாளரை நகரத்தில் நிற்கவைப்பது எங்களுக்கு வசதி என்பதைத் தாண்டி மருத்துவத் தேவை.

வாடகை யோசனையை முழுதாகக் கைவிடத் தேவையில்லை. முன் அலுவலக அறைகளை மருந்தகத்துக்கோ இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கோ விடலாம், இரண்டும் முதியவர்களுக்கே பயன்படும். அந்தப் பணம் கட்டணமே கட்ட முடியாத ஆறு பேரின் பக்கம் போகட்டும். ஆறு பேர் முழுதாகவும் ஆறு பேர் பாதியும் கட்டட்டும். மிச்சத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள், கட்டிடத்துக்கு ஒருதரம் தருவதைவிட மாதாமாதம் தருவதாக எழுதித் தர வேண்டும். பெயர்ப்பலகைக்குப் பணம் தர ஆட்கள் வருவார்கள். சம்பளத்துக்குத் தருகிறவர்களைத்தான் தேட வேண்டும். உள்ளே வருகிறவர்களிடம் வைப்புப் பணம் வாங்கிக் கட்டிடத்தில் போடும் யோசனையை எதிர்க்கிறேன். ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மண்டபத்தைப் பகலில் வெளியாருக்கும் திறந்துவிடலாம். வீட்டில் இருக்கும் முதியவர்கள் காலையில் வந்து, சாப்பிட்டு, பேப்பர் வாசித்து, பின்னேரம் போகட்டும். அதே சமையலறை வீட்டுச் சாப்பாடும் அனுப்பும். சைவச் சமையல் ஒன்று, மச்சச் சமையல் ஒன்று என்று பிரிக்கிற பிரச்சினையைச் சமையல்காரரோடு பேசி முடிக்கலாம். இரவுச் சாப்பாட்டை ஐந்தரைக்கே கொடுத்து முடித்துப் படுக்க அனுப்புகிற வழக்கம் மட்டும் எங்கள் இடத்தில் வரக்கூடாது.

சட்ட வேலைகள் சுருக்கம். நம்பிக்கைப் பொறுப்பு உறுதிப் பத்திரத்தில் ‘கல்வி’ என்று எழுதியிருப்பதால், 1917 ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வரும். இதற்கே முதலில் சட்டத்தரணியைப் பிடிக்க வேண்டும். பயன்பாட்டை மாற்ற நகர அபிவிருத்தி அதிகார சபையும் மாநகர சபையும், தீப் பாதுகாப்புக்கு மாநகரத் தீயணைப்புப் பிரிவு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவு. ஊசி, சேலைன் என்று போனால் 2006 இன் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டத்துக்குள் வந்துவிடுவோம். ஆகவே படுத்த படுக்கையானவரை எதுவரை வைத்திருப்போம் என்பதை முதல் நாளே குடும்பத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

பொதுக்கூட்டத்தில் நான் திருத்தி எடுப்பதற்கே கை உயர்த்துவேன்: கீழ்த்தளம், 18 பேர், இரவில் இரண்டு பேர், மேலே பணியாளர் விடுதி. அதற்கு முன் உறுதிப் பத்திரம், கொங்கிறீற்று, கழிவுநீர்க் குழாய் மூன்றுக்கும் பதில் வந்திருக்க வேண்டும். எங்களுக்குப் பிறகு வருகிறவர்கள் மேல்மாடியையும் முதியோருக்குத் திறக்க விரும்பலாம். அதனால் விறாந்தைக் கோடியில், ஆறடிக்கு ஏழடி, லிப்டுக்கான குழியை இப்போதே தோண்டிக் கொங்கிறீற்றுப் பலகையால் மூடிவைக்கும்படி வரைபடத்தில் குறித்திருக்கிறேன்.